சலசலக்கும் பந்தும் ஒலிபெருக்கியும்

பார்வையற்ற மாணவிகள் ஆடும் கிரிக்கெட் பந்து அது. வயிற்றுக்குள் கிடக்கும் இரும்பு மணிகள் குலுங்க, "இதோ வர்றேன், இதோ வர்றேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே உருளும். மைதானத்துக் கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதற்கு யாரையாவது பாராட்டாவிட்டால் தொண்டை அரிக்கும்.

கடைசி ஓவர். ஒரு மாணவி மட்டையோடு காத்திருந்தாள். பந்து உருண்டு வந்தது.

"தன்னம்பிக்கையின் சிகரமே!" என்று முழங்கியது ஒலிபெருக்கி. மட்டை காற்றில் சுழன்றது. பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த பந்துக்கு, "விடிவெள்ளியே!" மறுபடியும் காற்றுதான்.

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றது பந்து. "நான் சொல்றது அவ காதுல விழணும்."

"நல்லதுதானேப்பா சொல்றேன்?" ஒலிபெருக்கிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லதுதான். நான் எல்லைக்கோட்டைத் தாண்டுன பிறகு சொல்லுங்க."

கடைசிப் பந்து. ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். ஒரு பாராட்டு ஒலிபெருக்கியின் தொண்டைவரை வந்து விக்கலாக நின்றது. மைதானம் முழுக்க மணிச்சத்தம் மட்டும்தான். அவள் மண்டியிட்டு, மட்டையைத் தரையோடு தரையாக வீசினாள்.

டமார்!

பந்து சிரித்துக்கொண்டே எல்லைக்கோட்டைத் தாண்டிக் கம்பத்தின் காலடியில் வந்து நின்றது. "இப்பப் பேசுங்கண்ணே! தொண்டை கிழியப் பேசுங்க!"

ஒலிபெருக்கி ஆசையாக வாயைத் திறந்தது. பிறகு குனிந்து, மெல்லக் கேட்டது:

"தம்பி, அந்தப் பொண்ணு பேரு என்ன?"