வெளியே தொங்கும் பூட்டு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு பூட்டைப் பற்றிச் சொல்கிறேன். துப்பறியும் நாவல் எழுதித் தானே அச்சடித்து விற்கிற வேதநாயகத்துக்கு, கதவு திறந்திருந்தால் எழுத்து ஓடாது. எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். அதனால் எதிர்வீட்டுத் தையல்காரி மெகருன்னிசா காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டுவாள். மத்தியானம் வந்து திறப்பாள். "இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னீங்க அண்ணே?" என்பாள். பதினோரு நாவல் அப்படித்தான் முடிந்தது.

போன மாதம் மெகருன்னிசா தன் மகள் இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டாள். அன்றிலிருந்து இவருக்கு ஒரு வரி ஓடவில்லை.

இன்று காலை சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் பூட்டையும் சாவியையும் நீட்டினார்.

"உள்ள ஆளை வச்சு எப்படி சார் பூட்டுறது?"

"பழகினதுதாங்க. மத்தியானம் வந்து திறந்தா போதும்."

"இந்தப் பக்கம் வருவேனான்னு தெரியலையே."

"வருவீங்கன்னு நினைச்சுக்கறேன்."

அவர் தயங்கித் தயங்கிப் பூட்டிவிட்டுப் போனார். வேதநாயகம் ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினார். மணி மூன்றாகியும் திறக்க ஆள் வரவில்லை; அவரும் யாரையும் கூப்பிடவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

உங்கள் வீட்டுக் கதவை வந்து திறக்க, என்றைக்கும் ஒரு ஆள் இருக்கட்டும் கண்ணுகளா.