விழாமல் இருக்க ஒரு வகுப்பு

நான் குளியலறையில் விழுந்த பிறகு, மகன் என்னை உடுவிலில் உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அங்கே புதிதாக வருபவர்கள் முதலில் சுகாதார வகுப்பில் இருந்தாக வேண்டும். எழுபத்தெட்டு வயதில் எனக்குக் கைகழுவப் பழக்கினார்கள். வகுப்பில் இருந்தது இரண்டே பேர்: நானும், சண்டிலிப்பாயிலிருந்து வந்த நேசையாவும்.

வகுப்பெடுத்த தாதி அபிகாயில் மிஸ்ஸி அடுத்ததாகக் கட்டிலோரத்து மணியைப் பற்றிச் சொன்னாள்.

"விழுந்தா தனிய எழும்பப் பாக்காதேங்கோ. கயித்தை இழுங்கோ, நாங்கள் ஓடி வருவம்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, மணி அடித்தது. சுவரில் என் அறைக்குரிய சிவப்பு விளக்கு எரிந்தது.

"அது என்ரை அறையெல்லோ? அங்கை ஒருத்தரும் இல்லையே," என்றேன்.

"ஓம் அம்மா, உங்கடைதான்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நேசையா என்னைக் கவலையோடு பார்த்தார்.

"நல்லா அடிபட்டுட்டுதோ, தங்கச்சி?"

"ஆருக்கு?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிஸ்ஸி திரும்பி வந்து, எங்களுக்குப் பழக்கியபடியே விரலிடுக்கெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கைகழுவினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பயப்பிடாதேங்கோ. எலும்பு ஒண்டும் முறியேல்லை. தூக்கிக் கட்டில்லை கிடத்திப்போட்டன்."

என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாமென்று எழுந்தேன். அவள் என் தோளைப் பிடித்து மெல்லக் கதிரையில் இருத்தினாள்.

"இப்ப போய் எழுப்பிப்போடாதேங்கோ, அம்மா. நோவிலை அழுதழுது, இப்பதான் நித்திரையானனீங்கள்."