ஆவணியிலதான் கல்யாணம்

"தையிலன்னு தாம்பூலம் மாத்தியாச்சு. இப்ப வந்து அடுத்த மாசமே ஆவணியிலங்கிறீக. இது நியாயமா தங்கச்சி?"

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பெண்ணின் அப்பா ஈஸ்வரபாண்டியின் குரல் எகிறியது.

"ஆவணிதான், மாத்தமில்லண்ணே." மாப்பிள்ளையின் அம்மா முத்துலட்சுமி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "தோதுப்படலேன்னா சொல்லிருங்க. எம் மகனுக்கு வேற இடம் பாத்துக்கிறோம்."

பையனுக்குக் கவர்மென்ட் வேலை. அந்தம்மாளின் திமிர் சின்னமனூரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

"திராட்சை வெட்டே மார்கழியிலதான். அதுக்கு முன்னால எதை வச்சுக் கல்யாணம் செய்ய? எந்திரி கஸ்தூரி. இந்தச் சம்பந்தமே வேணாம்."

கஸ்தூரியம்மாள் எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு இடது கண் ஏற்கெனவே இருட்டு. வலது கண்ணிலும் புகை மூட்டம். வீட்டில் புரை என்று சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் தங்கை மாரீஸ்வரியோடு மதுரைக்குப் போனபோது டாக்டர் சொன்னது வேறு. கண்ணுக்குள் வரும் புற்றுநோய், லிம்போமா.

"நம்ம நாட்டுல லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராதும்மா இது. ஊசி போட்டு உயிரைக் காப்பாத்தப் பாப்போம். பார்வை பொங்கல் வரைக்கும் நிக்குமான்னு சொல்ல முடியாது."

'லட்சத்தில் ஒருத்தர்' என்ற அந்தப் பேச்சுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது. சர்க்கரை என்றால் ஊருக்கே தெரியும். யாரும் கேள்விப்படாத நோய்க்கு ஊர் தானே ஒரு பெயர் வைத்துவிடும், குடும்ப வியாதி என்று. அப்புறம் மகள் யுவராணியை எவன் கட்டுவான்? புருஷனிடம் சொன்னால் அவர் அழுதே ஊரைக் கூட்டிவிடுவார். கல்யாணம் முடியட்டும் என்று ஊசியையும் தள்ளிப் போட்டிருந்தாள்.

"ஆவணியே இருக்கட்டுங்க," என்றாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

"பெரிய பந்தியெல்லாம் வேணாம்ணே," என்றாள் முத்துலட்சுமி. "கோயில்ல வச்சுத் தாலி கட்டுனாப் போதும்."

பெண்டாட்டியே கவிழ்த்துவிட்டாளே என்ற எரிச்சலில் ஈஸ்வரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

முத்துலட்சுமி குங்குமத் தட்டை நீட்டினாள். "எடுத்துக்கங்க மதினி."

கஸ்தூரியம்மாளின் விரல் சிமிழை விட்டுவிட்டுத் தட்டில் தடவியது. முத்துலட்சுமி அந்தக் கையைப் பிடித்துச் சிமிழில் வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை.

"போன மாசம் மதுரையில எனக்குப் புரை ஆபரேஷன். கண்ணுல கட்டோட உங்க பின்னாடி பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். தங்கச்சிகிட்ட நீங்க சொல்லி அழுதது பூராவும் கேட்டேன் மதினி."

கஸ்தூரியம்மாள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். மகளின் வாழ்க்கை போயிற்று என்றே நினைத்தாள்.

"ஊசியை இனிமே தள்ளாதீக. நானே கூட்டிட்டுப் போறேன், புரைக்குன்னு சொல்லிக்குவோம். மக கழுத்துல தாலி ஏறுறதை நீங்க கண்ணால பாத்துரணும். அதுவரைக்கும் நான் திமிர் பிடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன்."