அருளாயி போன வழி

அருளாயி என்ற பெயரை மிக்கேல் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து சனங்கள் நடந்தே தப்பி வந்தபோது, தன் கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவள் அவள். யாருடனோ ஓடிவிட்டாள் என்றது ஊர். அந்தக் குழந்தைதான் மிக்கேலின் அப்பா. சாகும்வரை அவர் அந்த அவமானத்தைச் சுமந்தார்.

நூறு வருஷம் கழித்து, தூத்துக்குடியில் மிக்கேலின் வீட்டுக்குத் தெய்வானை என்ற பெண் வந்தாள். கரிந்துபோன தாள்களையும் படித்துவிடும் இயந்திரம் ஒன்று, அகதி முகாமின் பதிவேட்டில் அருளாயியைக் கண்டுபிடித்து, அவள் வாரிசின் விலாசத்தையும் தந்திருந்தது.

"ஐயா, எங்க தாத்தா பேர்பெற்ற வரலாற்றாசிரியர். மூணு வயசுல காட்டு வழியில தனியா நின்னு அழுதிருக்கார். உங்க பாட்டி திரும்பிப் போய், அவரைத் தூக்கிட்டு வந்து முகாம்ல சேர்த்திருக்காங்க. அங்கேயே காலரா கண்டு இறந்துட்டாங்க. எல்லாம் அந்தப் பதிவேட்டுல இருக்கு. தாத்தா எழுதின எல்லாப் புத்தகமும் 'பேர் தெரியாத தாய்க்கு'ன்னுதான் தொடங்கும்."

மிக்கேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அவங்களால நாங்க இன்னைக்கு நாற்பத்தொரு பேர் இருக்கோம். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"நன்றி நான்தானே சொல்லணும், தாயி! எங்க பாட்டியை எங்களுக்குத் திருப்பிக் குடுத்திருக்கியே," என்றார் மிக்கேல். "நாற்பத்தொரு பேரையும் கூட்டிட்டு வா. எல்லாரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடணும்."