நான்கு பீப்பாய்க்கு இடம்

ஹார்லன் ஊன்றுகோலால் ஃப்ரிட்ஜின் கதவைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல ரெண்டு பீப்பாய்தான் நிக்கும்" என்றேன். "ஆனா கதவைத் திறந்து ஒரு சாண் தூக்கினா போதும், உள்ளே தள்ளிடலாம்."

எங்கள் ஷெபாய்கன் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஆட்கள் எல்லோரும் கடைசியில் என் பழைய சாமான் கடைக்குத்தான் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே குழப்பம். பீர்ப் பீப்பாயைக் குளிரவைத்துக் குழாயில் பிடித்துக் குடிக்க ஃப்ரிட்ஜா, ஃப்ரீஸரா?

ஹார்லனின் கண் ஃப்ரீஸர் மேல்தான் இருந்தது.

பெட்டி மாதிரி, மேலே மூடி திறக்கிற வகை. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் வைத்து, அதில் குழாய்களைப் பொருத்தித் தருவேன். நான்கு பீப்பாய் நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் நிரம்பினால் இருபத்தைந்து கிலோ. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும்.

ஹார்லனுக்கு முதுகில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

"தூக்க எங்கிட்ட ஒரு கோவேறு கழுதை இருக்குப்பா" என்று பின்னால் கட்டைவிரலைக் காட்டினான். "பதினாறு வருஷமா தீனி போடறேன்."

பின்னால் அளவு நாடாவோடு அவன் மனைவி ஜெனீன் நின்றிருந்தாள்.

அடுப்பு பார்க்க வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெனீனும் சிரித்தாள்.

"ஆனா கழுதைக்கும் வயசாயிடுச்சு. கீழே போட்டு பீப்பாயை நசுக்கிடும். ஃப்ரிட்ஜையே கொடு."

ஜெனீன் நாடாவைச் சுருட்டினாள்.

"ஃப்ரீஸரையே எடுத்துக்கோ ஹார்லன். தூக்கத்தான் நான் இருக்கேனே."

ஓரத்தில் மாதிரிக்காகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று இருந்தது. அதை அணைத்துத் தூக்கி, ஃப்ரீஸருக்குள் சத்தமே இல்லாமல் இறக்கிவைத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் ஒன்றுமில்லை.

ஹார்லன் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

"மரச்சட்டத்தை இன்னும் ஒரு சாண் உசத்தி வைங்க" என்றாள் என்னிடம். "இவர் பெரிய கிளாஸ்லதான் குடிப்பார். குழாய்க்குக் கீழே நிக்கணும்ல."

அவ்வளவு உயரம் தேவையில்லை; பீப்பாயைத்தான் இன்னும் ஒரு சாண் மேலே தூக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"மரம் அறுத்துட்டா திருப்பி எடுத்துக்க மாட்டீங்கதானே?"

"மாட்டேங்க."

"நல்லது" என்றாள்.

ஹார்லன் காரைப் பார்த்து மெல்ல நடந்தான். நான்கு குழாயிலும் என்னென்ன பீர் வரும் என்று அடுப்பு பார்க்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனான். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.

ஜெனீன் கையெழுத்துப் போட்டாள்.

"சனிக்கிழமை முதல்ல அவர் வீட்டுல இதை இறக்கிடுங்க. அப்புறம் என்னோடது."

அந்த வாரம் திங்கட்கிழமையே அவள் தனியாக வந்திருந்தாள். ஒருவருக்குப் போதுமான சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி முகவரியை எழுதிக் கொடுத்திருந்தாள்.

அழைப்பு மணியில் கல்யாணத்துக்கு முன்பிருந்த தன் பிறந்த வீட்டுப் பெயரைத்தான் ஒட்டியிருப்பதாகவும், அதைப் பார்த்து அழுத்தும்படியும் சொல்லியிருந்தாள்.