பதிமூன்றாம் வாய்ப்பாடு

காசநோய்க்கு ஆறு மாதம் ஊசி போட்டதில் தையல்காரிக்கு நோய் போனது. அந்த மருந்தாலேயே இரண்டு காதும் போயின. அதன்பின் கணவர் எதையும் தாளில் எழுதித்தான் காட்டுவார்.

ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, காபியில் சர்க்கரை இல்லையே என்று நினைத்தார். வாய் திறக்கவில்லை.

"போட்டிருக்கேன், கலக்கிக் குடிங்க" என்றாள், தைப்பதை நிறுத்தாமல்.

அன்றிலிருந்து தாளுக்கு வேலை இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை.

நேற்று மருந்து வாங்கப் போனவரிடம் டாக்டர் கேட்டார்: "காதுல இரைச்சல் இருக்குன்னு அவங்க ஆரம்பத்துல சொல்லலையா? அப்பவே வந்திருந்தா ஊசியை மாத்தியிருக்கலாமே."

சொல்லத்தான் செய்தாள். "அசதிதான், சரியாயிடும்" என்று வாயை அடைத்தவர் இவர்.

இது அவளுக்குக் கேட்கக் கூடாது. மனதில் வேறு எதற்கும் இடம் கொடுக்காமல், வழியெல்லாம் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பதிமூன்று எட்டில் தடுமாறினார்.

"நூத்திநாலு" என்றாள் அவள், உள்ளேயிருந்து. தையல் மிஷின் நின்றது. "போதும், வந்து உட்காருங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"