ஓசி ஷேவ்

கடையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்துத்தான் முதலாளி வந்து உட்காருவார். அதுவும் புதிதாக வந்தவனுடைய நாற்காலியில்.

"ம், ஆரம்பி. இன்னைக்காவது காதோரம் ஒழுங்கா எடு."

அவன் துண்டைச் சுற்றுவான். பெஞ்சில் காத்திருப்பவர்கள் பேப்பருக்கு மேலாகப் பார்ப்பார்கள். முதலாளியின் முகத்தை அல்ல, அவன் கைகளை.

மணிக்கட்டிலிருந்து விரல் கணு வரைக்கும் தோல் சிவந்து, காய்ந்து, வெள்ளைச் செதில் படிந்து கிடந்தது. பழைய ஊரின் ஈரக்காற்றில் அடங்கியிருந்த வியாதி, இந்த ஊரின் வறண்ட காற்று பட்டதும் தலைதூக்கிவிட்டது. மனைவிக்கு இங்கே மாற்றல். திரும்பிப் போக வழியில்லை. இந்த ஊரில் அவனைக் கூப்பிட்ட சலூனும் இது ஒன்றுதான்.

முதலாளியைப் பார்ப்பதற்கு முன்பே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். தோல் வியாதி இருக்கிறது, யாருக்கும் ஒட்டாது, கையுறை போட்டால் அலர்ஜியில் கை முழுக்கக் கொப்புளம் வரும், அதனால் வெறுங்கையோடுதான் வேலை செய்வேன், சம்மதமென்றால் வருகிறேன். முதலாளி கேட்டது ஒன்றுதான்.

"கத்தி பிடிக்கத் தெரியுமில்ல? அடுத்த வாரம் வா. ஒரு மாசம் பார்ப்போம். நாற்காலி நிறைஞ்சா இரு, இல்லைன்னா கிளம்பு."

நாற்காலி நிறையவில்லை. ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடியில் அவன் கையைப் பார்த்துவிட்டு, போன் வந்ததுபோல எழுந்து வெளியே போனார். இன்னொருவர், பக்கத்து நாற்காலிக்காரரிடமே வெட்டிக்கொள்வதாகவும் தனக்கு அவசரமே இல்லை என்றும் சொல்லிவிட்டு, அடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர் கடையின் பழைய ஆள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரலாமே என்று ஒருநாள் இதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"மறைச்சா தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும்ணே," என்றான்.

மறுநாள் சட்டைக்கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தான். வாசலில் யார் தலை தெரிந்தாலும் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னான். எல்லோரும் பார்க்கச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஒட்டுமா என்று கேட்டவர்களிடம், ஒட்டுவதாக இருந்தால் முதலில் தன் மனைவிக்கு ஒட்டியிருக்கும், அவள் தன்னைவிட நல்ல நிறமாகவும் நிம்மதியாகவும் இருக்கிறாள் என்றான். சிலர் சிரித்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தும் விட்டார்.

ஆனால் முதலாளியை என்ன செய்வது?

யாராவது அரைமனதாக எழுந்திருக்கும்போதுதான் அவர் குறுக்கே வந்து உட்காருவார். உட்கார்ந்து சும்மா இருக்கவும் மாட்டார். பிரஷ்ஷை எடுத்தால், அது எதற்கு, கையால் தேய்த்து விடு என்பார். தேய்த்தால், இன்னும் அழுத்தித் தேய் என்பார். கன்னத்தைப் பிடி, மூக்குக்குக் கீழே விரலை வை, முடித்ததும் முகம் பூராவும் தடவிவிடு என்று கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொல்வார். வித்தை காட்ட வந்தவனைப்போல அவன் கைகள் அந்த முகத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கும். பெஞ்சில் ஒரு பேப்பரும் புரளாது.

"ஓசியில முகம் வழிச்சுக்கறதுமில்லாம உன்னை வேடிக்கைப் பொருளாவும் ஆக்கறாரா?" என்று மனைவி கேட்டாள். "கை நல்லா இருக்கிறவனா இருந்தா நீ இதைப் பொறுத்துக்குவியா?"

 அந்தக் கேள்வி தினமும் கடை வரைக்கும் அவன் கூடவே வந்துகொண்டிருந்தது.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சில் இடமில்லை. முதலாளி தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். அவன் நாற்காலியைச் சுழற்றி, முதுகுப்பக்கத்தை அவருக்குக் காட்டி நிறுத்தினான்.

"இன்னைக்கு உட்காராதீங்க."

"ஏன்? நாற்காலியில பிசாசா இருக்கு?"

"என் கை இப்படித்தாங்க. சாகிற வரைக்கும் இப்படித்தான் இருக்கும். வெட்கமெல்லாம் எனக்கு இல்லை. ஆனா நாலு பேருக்குக் காட்சி காட்ட நான் ஊர்விட்டு ஊர் வரலை. என் மேல நம்பிக்கை இருந்தா, வர்றவங்களை உட்கார விடுங்க. இல்லைன்னா இப்பவே போகச் சொல்லுங்க, போயிடறேன்."

 முதலாளி அவனைப் பார்த்தார், பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

பெஞ்சின் கோடியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்துவந்தார். வாராவாரம் வருகிறவர். "உங்க பஞ்சாயத்து முடிய நேரமாகும்போல இருக்கு," என்று நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். "தம்பி, ஷேவிங் மட்டும்." கொஞ்சம் பொறுத்து, "கையாலேயே தேய்ச்சு விடு," என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்து வந்து, அடுத்தது தான் என்று சுவரோரம் நின்றுகொண்டார்.

"சரிதான். பெரிய மனுஷன் ஆயிட்டே," என்றார் முதலாளி. "இனிமே என் முகம் உனக்கு எதுக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்க வெளியே போனார். அவன் நுரை தேய்க்கத் தொடங்கினான். ஜெயித்துவிட்டதுபோல இருந்தது.

வாசலில் முதலாளியை இடிக்காமல் ஒதுங்கி உள்ளே வந்தார் ஒரு லாரி டிரைவர். ரொம்ப நாளைக்குப் பிறகு ஊர் திரும்பியவர். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டார்:

"வெளியே போறாரே, யார் அவர்? கடை கைமாறிடுச்சா?"

"கையும் மாறலை, காலும் மாறலை. நம்ம முதலாளிதான்."

டிரைவர் திரும்பி வாசலைப் பார்த்தார். "தாடி எங்கே? நெஞ்சு வரைக்கும் தொங்குமே. பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டுக்காரம்மா அழுது கேட்டும் எடுக்காத மனுஷனாச்சே. எப்ப எடுத்தாரு?"

பக்கத்து நாற்காலிக்காரர் சீப்பைத் தட்டிக்கொண்டே, கண்ணாடியில் தெரிந்த அவனை மோவாயால் காட்டினார்.

"இந்தத் தம்பி வேலை கேட்டு போன் பண்ணி, தன் கையைப் பத்திச் சொன்ன அன்னைக்கு."